களைத்தவர் விலகலாமா?

ஒரு காரியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காகப் போவதில்லை. வேலை பிடிக்காமல் போகிறவர் உண்டு. ஆபத்துக்குப் பயந்து போகிறவர் உண்டு. இவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது அவ்வளவு கடினமில்லை. போவதற்கான காரணம் அவர்களுக்கே தெளிவாகத் தெரியும். உடலும் மனமும் ஓய்ந்துபோய், அடுத்து என்ன செய்வது என்றும் பிடிபடாமல் நிற்பவரின் நிலை வேறு. தொடர்வதா விலகுவதா என்று முடிவெடுக்க வேண்டிய மனமே அங்கே களைத்துக் கிடக்கிறது. வழக்கில் சிக்கியவரே நீதிபதியாகவும் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த நீதிபதியும் பல இரவுகளாகத் தூங்காதவர்.

களைப்பும் முட்டி நிற்பதும் தனித்தனியாக வந்தால் சமாளிக்கலாம். வழி தெரிந்து களைத்தவருக்கு ஓர் இரவுத் தூக்கம் போதும். தெம்போடு இருந்து வழி தெரியாதவர் வேறு வழி தேடிக்கொள்வார். இரண்டும் சேர்ந்து வரும்போது ஒன்றை ஒன்று மறைத்துவிடுகிறது. வேலை நகராததற்குத் தன் சோம்பல்தான் காரணம் என்று நினைத்து இன்னும் கடுமையாக உழைக்கிறார். உழைக்க உழைக்க வழி இன்னும் மங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வுக்கு எழுதிய வரையறையில் மூன்று கூறுகள் உண்டு: வலுவெல்லாம் வடிந்துபோனது போன்ற களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செய்திறன் குறைதல். அதை ஒரு நோய் என்று அந்த நிறுவனம் வகைப்படுத்தவில்லை. வேலையிடம் சார்ந்த நிலை என்றே குறித்தது. குறை ஆளிடம் மட்டும் இல்லை என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது.

பின்வாங்குவதை இழிவாகப் பார்க்கும் பழக்கம் தமிழுக்கு மிகப் பழையது. புறநானூற்றின் 278ஆம் பாடலில், மகன் போரில் புறங்காட்டினான் என்று ஊரார் சொல்லக் கேட்ட முதிய தாய், அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். சிதைந்து கிடந்த உடலைக் கண்டதும், அவனைப் பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்கிறாள். முன்வைத்த காலைப் பின்வைக்காதே என்று வீட்டில் சொல்லும் புத்திமதியின் பின்னால் இந்தத் தாயின் சாயல் இருக்கிறது. ஆனால் தமிழ் அறமரபு இத்துடன் முடிந்துவிடவில்லை. ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்று விடாமுயற்சியைப் போற்றி அதிகாரங்கள் வகுத்த திருக்குறளே, அவற்றுக்கு முன்னால் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை வைத்திருக்கிறது. மரக்கிளையின் நுனிவரை ஏறியவன் அதற்கு மேலும் ஏற முயன்றால் உயிர் போகும் என்பது வலியறிதலில் வரும் எச்சரிக்கை. மேடைப் பேச்சுகளில் முதல் வகை அதிகாரங்கள் அடிபடும் அளவுக்கு இரண்டாம் வகை அடிபடுவதில்லை.

யாருக்கும் கெடுதல் வராத இடத்தில் விலகுவது பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக் கணிதமேதை ஆன்றி புவான்கரே தன் கண்டுபிடிப்புகள் எப்படி நிகழ்ந்தன என்று 1908இல் பாரிசில் ஒரு சொற்பொழிவில் விவரித்தார். கணக்கை மறந்து ஒரு சுற்றுலாவுக்குப் போனவருக்குக் கூத்தான்ஸ் என்ற ஊரில் வண்டிப்படியில் கால் வைத்த நொடியில் ஒரு விடை கிடைத்தது. பிறகு வேறொரு கணக்கில் முட்டி நின்று, தோல்வியில் வெறுத்துப்போய்க் கடற்கரைக்குச் சென்று சில நாள் இருந்தபோது, பாறைமேல் நடக்கையில் இன்னொன்று வந்தது. ஆனால் விலகியதற்கு முன்னால் பல நாள் உழைப்பு இருந்தது என்பதையும், விடை கிடைத்த பிறகு உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருந்தது என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு ஆண்ட்ரூ வைல்ஸ் 1993இல் அறிவித்த நிரூபணத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஓராண்டு போராடி, கைவிடும் மனநிலைக்கே வந்துவிட்டவர், தன் முறை ஏன் தோற்றது என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று 1994 செப்டம்பரில் கடைசியாக ஒருமுறை பார்த்தார். அப்போதுதான் வழி திறந்தது. விலகினால் விடை வரும் என்பதற்கும் நிலைத்தால் விடை வரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. எனவே விலகலை நியாயப்படுத்த, திரும்பி வந்தால் நன்றாகச் செய்வார் என்ற வாதம் மட்டும் போதாது.

பிற உயிர்கள் சம்பந்தப்படும்போது கேள்வி கூர்மையாகிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை கண் ஒத்திசைவு, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் காட்டினார்கள். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். குடித்துவிட்டு அறுவை மேசைக்கு வரும் மருத்துவரை எந்த ஊரும் பொறுக்காது. இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்துவிட்டு வருபவரை அர்ப்பணிப்பு உள்ளவர் என்று பாராட்டுகிறோம். குடித்தவருக்குத் தன் நிதானம் தவறியது தெரியாது. களைத்தவருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை.

2010 மே 22ஆம் தேதி விடியற்காலையில் மங்களூரில் நடந்த விமான விபத்து இதை மிக அருகில் காட்டுகிறது. துபாயிலிருந்து வந்த அந்த விமானத்தில் 166 பேர் இருந்தார்கள். மலையுச்சியை வெட்டிச் சமன்செய்த ஓடுபாதை அது, தாண்டினால் பள்ளம். விமானத்தின் குரல்பதிவுக் கருவியில் தலைமை விமானி ஏறக்குறைய ஒரு மணி 40 நிமிடம் தூங்கியது பதிவாகியிருந்தது. முன்னதாகப் போதிய ஓய்வுநேரம் தரப்பட்டிருந்தும் இப்படி நடந்தது என்கிறது விசாரணை அறிக்கை. எழுந்த மந்தம் தெளியாமலே அவர் இறங்கத் தொடங்கினார். உயரமும் வேகமும் தேவைக்கு அதிகம். இறங்குவதை விட்டுவிட்டு மறுபடி மேலேறிச் சுற்றி வருவதை விமானிகள் 'கோ அரவுண்ட்' என்பார்கள். துணை விமானி மூன்று முறை அதைச் சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் கத்திக்கொண்டிருந்தது. தலைமை விமானி இறங்கியே தீர்ந்தார். ஏறத்தாழ 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. அதன் பிறகு மேலெழ முயன்றார், நேரம் கடந்துவிட்டிருந்தது. 158 பேர் இறந்தார்கள்.

அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது. கட்டுப்பாட்டைத் தானே எடுத்து விமானத்தை மேலேற்றும் அதிகாரம் துணை விமானிக்கு உண்டா என்பதில் விதிமுறைகள் தெளிவில்லாமல் இருந்தன. அவர் குரல் கொடுத்துவிட்டுக் கையை நீட்டாமல் இருந்ததற்கு அது காரணமாகலாம் என்கிறது. விலகுவதற்கான அனுமதி ஏட்டில் எங்கோ இருந்தால் போதாது. யார், எப்போது, யாரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தலாம் என்பது முன்கூட்டியே ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். நெருக்கடியின் நடுவில் அதைக் கண்டுபிடிக்கும் தெம்பு களைத்தவரிடம் இருக்காது. அருகிலிருப்பவருக்கும் துணிச்சல் வராது.

மலையேறிகள் இதை அனுபவத்தில் கற்றவர்கள். எவரெஸ்டில் உச்சிக்குப் போகும் நாளில் 'திரும்பும் நேரம்' என்று ஒன்றை வைத்துக்கொள்வார்கள். பொதுவாகப் பிற்பகல் இரண்டு மணியைத் தாண்டாது. அந்த நேரம் வந்ததும், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்ப வேண்டும். ஆக்சிஜன் குறைந்த மூளை அங்கே கணக்குப் போடாது என்பதால் கணக்கைக் கீழேயே போட்டு முடித்துவிடுகிறார்கள். 1996 மே 10ஆம் தேதி அப்படியொரு நாள். நியூசிலாந்து மலையேற்ற வழிகாட்டியான ராப் ஹாலின் குழுவில் மூன்று பேர், இந்த வேகத்தில் போனால் நேரத்துக்குள் உச்சியை அடைய முடியாது என்று கணக்கிட்டு நண்பகலுக்கு முன்பே திரும்பினார்கள். பெரும் பணம் கட்டி, வாரக்கணக்கில் ஏறி வந்தவர்கள் அவர்கள். மூவரும் பிழைத்தார்கள். வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்புவதில் கண்டிப்பானவர் என்று பெயர் பெற்ற ஹாலோ நான்கு மணிக்கு உச்சியில் நின்றார். அவரோடு இருந்தவர் ஓர் அமெரிக்கத் தபால் ஊழியர். முந்தைய ஆண்டு உச்சியை நெருங்கிய இடத்தில் ஹால்தான் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார். இரண்டாம் முறையும் எப்படி அனுப்புவது என்ற இரக்கம் அங்கே வேலை செய்தது என்றே பலர் கருதுகிறார்கள். புயல் வந்தது. இறங்க முடியாத அவரை விட்டு ஹாலும் இறங்கவில்லை, இருவரும் இறந்தார்கள். மலையின் வடபுறத்தில் ஏறிய இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் மூவர் உட்பட, அந்தப் புயலில் மாண்டவர்கள் எட்டுப் பேர்.

ஹாலை மூடர் என்று ஒதுக்குவது எளிது, நியாயமில்லை. முன்பே செலவிட்ட உழைப்பும், ஒருமுறை ஏமாந்தவர்மேல் வரும் பரிவும் யாருடைய விதியையும் வளைத்துவிடும். விதியை வகுத்தவரிடமே அதைத் தளர்த்தும் அதிகாரமும் இருந்தது என்பதுதான் பலவீனம். இதற்கு மாறாக நடந்துகொண்டவர் துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டன். 1909 ஜனவரி 9ஆம் தேதி தென்துருவத்துக்கு 97 கடல்மைல் தூரத்தில் மூன்று தோழர்களோடு நின்றார். அதுவரை எவரும் அவ்வளவு தெற்கே போனதில்லை. போயிருந்தால் துருவத்தைத் தொட்டிருக்கக்கூடும். திரும்பி வர உணவு போதாது. திரும்பினார். வரும் வழியில் நால்வரும் பட்டினியிலும் வயிற்றுப்போக்கிலும் அலைக்கழிந்த கதையைப் படித்தால், இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. துருவத்தை முதலில் அடைந்த பெயர் 1911 டிசம்பரில் அமுன்ட்சனுக்குப் போனது. அந்த இழப்பு உண்மையானது. விலகுவதால் எதுவும் போகாது என்று ஆறுதல் சொல்லும் நூல்கள் இங்கே நேர்மை தவறுகின்றன. விலகல் பல நேரம் சரியான முடிவு. இலவசமான முடிவு அன்று.

இனி எதிர்வாதம். வாக்குக் கொடுத்தவர், பதவி ஏற்றவர், குழுவில் ஒருவராக இருப்பவர் களைப்பைக் காட்டி விலகினால் அவர் இறக்கிவைத்த சுமை காற்றில் கரைந்துவிடாது. இன்னொருவர் தோளில் ஏறும். 2021 ஜூலை 27 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் குழுப் போட்டியின் நடுவே விலகியபோது எழுந்த கண்டனத்தின் சாரம் இதுதான். அந்தரத்தில் சுழலும்போது தன் உடல் எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வே அவருக்குத் தப்பிப்போயிருந்தது; அந்த நிலையில் தொடர்ந்தால் கழுத்து முறியலாம். மற்ற வீராங்கனைகள் அவர் இடத்தை நிரப்பினார்கள். அணிக்கு வெள்ளி கிடைத்தது. விலகியவர் போட்டி முடியும்வரை அரங்கிலேயே நின்று அவர்களை உற்சாகப்படுத்தினார். ஒரு வாரம் கழித்து ஒற்றைக் கட்டைப் போட்டியில் இறங்கி வெண்கலம் வென்றார். அவர் மீண்டு வந்ததால்தான் முடிவு சரி என்று வாதிடுவது பலவீனம். மீளாமலே போயிருந்தாலும் சரிதான். சுமையை எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது, எடுத்துக்கொள்ளும் நேரத்தில் சொல்லப்பட்டது என்பதே அதை நியாயமாக்குகிறது.

வாழ்நாள் பதவியில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி எப்படி எழுந்தது என்பதற்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாற்றில் விசித்திரமான ஒரு நிகழ்வு உண்டு. 1294 ஜூலையில் பியெத்ரோ என்ற முதிய துறவியை மலைக்குகையிலிருந்து அழைத்து வந்து திருத்தந்தை ஆக்கினார்கள். ஐந்தாம் செலஸ்டின் என்று பெயர் சூட்டிக்கொண்டார். நிர்வாகம் அவருக்குப் பிடிபடவில்லை; கையெழுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக்கொடுத்தார். விலக நினைத்தபோது, திருத்தந்தை பதவி விலகலாமா என்பதே யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. எனவே, விலகலாம் என்று தானே ஓர் ஆணை பிறப்பித்து, டிசம்பர் 13 அன்று அந்த ஆணையின்படி தானே விலகினார். தனக்குத்தானே அனுமதி வழங்கிக்கொள்வதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு வரலாற்றில் கிடைப்பது அரிது. அடுத்து வந்த திருத்தந்தை அவரைச் சிறைவைத்தார்; காவலிலேயே 1296இல் இறந்தார். தாந்தே தன் காவியத்தில் நரக வாசலில் நிறுத்திய பெயர் சொல்லாத கோழை இவரே என்பது உரையாசிரியர்கள் பலரின் கருத்து. அதே மனிதரை 1313இல் திருச்சபை புனிதர் என்று அறிவித்தது.

அந்த அனுமதி திருச்சபைச் சட்டத்தில் நிலைத்துவிட்டது. இன்றைய விதிப்படி, திருத்தந்தையின் பதவி விலகல் சுதந்திரமாக எடுக்கப்பட்டு முறையாக வெளிப்படுத்தப்பட வேண்டும். அதை எவரும் ஏற்றுக்கொள்ள வேண்டிய தேவையில்லை. பதினாறாம் பெனடிக்ட் 2013 பிப்ரவரி 11 அன்று, முதுமையில் தன் வலு போதவில்லை என்று சொல்லி, மாத இறுதியில் விலகுவதாக அறிவித்தார். அவருக்கு முன்னிருந்த இரண்டாம் ஜான் பால், பார்க்கின்சன் நோய் நடுங்கவைத்த உடலோடு 2005இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார். துன்பத்தைத் தாங்கி நிற்பதே ஒரு சாட்சியம் என்பது ஒருவர் நிலை. பதவியின் வேலை நடக்க வேண்டும் என்பது மற்றவர் நிலை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒன்று தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் பதவி பிறருக்காக இருப்பது என்று கொண்டால் பெனடிக்டின் பக்கமே கனக்கிறது. தாங்கி நிற்பவரின் பெருமை அவருடையது. தாமதமாகும் முடிவுகளின் விலையைக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள்.

பதவிக்கு வாரிசு உண்டு, விளையாட்டுக்கு மாற்று வீரர் உண்டு. வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவருக்கு யார் உண்டு? பக்கவாதம் வந்த தாயை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். மூக்குக்குழாய் வழியாகக் கஞ்சி, சிறுநீர்ப் பை, ரப்பர் விரிப்பு, இரவில் திடீரென்று ஒரு முனகல். பெரும்பாலும் இது ஒரு மகள் மீதோ மருமகள் மீதோ விழுகிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில், "நல்லா பாத்துக்கோ" என்பார்கள். மாதங்கள் ஆண்டுகளாகின்றன. நோய் குணமாகாது என்பதால் முட்டி நிற்பதற்கும் முடிவில்லை. இந்தப் பெண்ணிடம், 'உங்களுக்கு நீங்களே அனுமதி கொடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது பரிவாக ஒலிக்கிறது. உண்மையில் அது பொறுப்பை மீண்டும் அவள் தலையிலேயே கட்டுகிறது. எழுந்து போனால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் யார் புரட்டுவது என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்த கேள்வி. நோயாளிமேல் எரிந்து விழுவதும், பிறகு அதற்காக அழுவதும், தன்னையே கொடியவள் என்று நினைத்துக்கொள்வதும் இந்த நிலையில் சகஜம். அது குணக்கேடு ஆகாது. விலக வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது.

ஆகவே இங்கே அனுமதி கொடுக்க வேண்டியவர்கள் உடன்பிறந்தோர். அதைச் சொல்லால் கொடுக்க முடியாது. கிழமை குறித்து, வந்து இருந்துதான் கொடுக்க முடியும். திரும்பும் நேரத்தைப் போலவே இதையும் தாய் விழுந்த முதல் வாரத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஆறு மாதம் கழித்துப் பேசினால் அது கணக்குத் தீர்க்கும் சண்டையாகிவிடும். பணம் அனுப்புவது இரவில் முழித்திருப்பதற்கு ஈடாகுமா என்பதும் அப்போதே பேசப்பட வேண்டிய விஷயம்.

உடன்பிறந்தோரும் இல்லை, ஆள் வைத்துக்கொள்ளப் பணமும் இல்லை என்ற வீடுகள் உண்டு. அங்கே கேள்வி அரசின் பக்கம் திரும்புகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நோயாதரவுச் சிகிச்சையையும் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. நோயாளிக்கு அது பெரிய உதவி. ஆனால் வந்துபோகும் செவிலியர் இரவுக் காவலை ஏற்க முடியாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, முதியவரை முற்றிலும் கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுச் செல்பவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. எண்ணத்தைப் பார்க்கும் அந்தச் சொல்லாட்சி சரியானது; களைத்து ஒதுங்குபவரையும் கைவிடுபவரையும் அது ஒன்றாக்கவில்லை. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அமைக்கலாம் என்றும், அதில் ஆதரவற்ற முதியவர் 150 பேருக்காவது இடம் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பார்த்துக்கொள்பவர் ஒரு வாரம் தூங்குவதற்காக முதியவரை ஒப்படைத்துவிட்டு மீண்டும் அழைத்துச் செல்ல ஓரிடம் வேண்டும் என்பதற்கு அதில் ஒரு பிரிவும் இல்லை.